நாற்பது ஆவதற்குள் எனக்கு ஓய்வு கொடுத்த மகனுக்கு

நைனா,

நீ முன்னறையில் படுத்திருக்க, நான் சமையலறையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுவது எனக்கே கூத்தாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள். எனக்கு வாய்ப்பேச்சு வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். மூன்று வாரமாக உன்னிடம் பேசிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன். "சாப்ட்டியா" என்பதுதான் வெளியே வருகிறது. நீயும் "சாப்ட்டேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுகிறாய். நீ என்னைப் பற்றி எழுதியதை ஊரே படிக்கிற மாதிரிப் போட்டாய். எர்ணாவூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் அதைப் படிக்காத ஆள் இல்லை. அதனால் என் பதிலும் அதே இடத்தில் வரட்டும். உன் தங்கை பவிதான் இதைப் படம் எடுத்துப் போடப் போகிறாள். முதல் இரண்டு பக்கத்தைப் பார்த்துவிட்டு, "யம்மா, இவ்ளோ நீளமா போட்டா யாரும் படிக்க மாட்டாங்க" என்றாள். யாரும் படிக்காவிட்டால் எனக்கு நிம்மதிதான். நீ படித்தால் போதும்.

விஷயம் தெரியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு காலிப் பெட்டி யார்டில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறேன். கப்பலில் சரக்கு ஏற்றிப்போகும் கன்டெய்னர்களைத்தான் நாங்கள் பெட்டி என்போம். மூன்று வாரத்துக்கு முன்னால், இருபது வயதான என் மகன், ஷேர் ஆட்டோவில் நான் வாயைத் திறந்து தூங்கும் படம் ஒன்றைப் போட்டு, கீழே இப்படி எழுதினான்: "என் அம்மா என்னைப் படிக்க வைக்க இத்தனை வருஷம் இரும்புப் பெட்டிக்குள் இருட்டில் வெந்திருக்கிறாள். அவளை வெளியே கொண்டுவந்து வீட்டில் உட்கார வைப்பதுதான் என் வாழ்க்கையின் நோக்கம். இன்று கண்டுபிடித்துவிட்டேன்." எழுதியதோடு விட்டிருந்தால் ஒரு நாள் வெட்கத்தோடு போயிருக்கும். மறுநாள் என் மேனேஜருக்கு போன் செய்து, இந்த மாதக் கடைசியோடு அம்மா நின்றுவிடுவாள் என்று சொல்லியும் விட்டாய். துபாயில் ஒரு கிடங்கில் இரண்டு வருஷ வேலைக்கு மெடிக்கலும் முடித்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

இந்த மூன்று வாரம் நான் பட்ட பாட்டை யாரிடம் போய்ச் சொல்வது? தண்ணி லாரி வந்தபோது எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா தங்கச்சி, புள்ள உன்ன ரிட்டயர் பண்ணிட்டானாமே? குட்த்து வெச்சவமா நீ. எம்புள்ளிங்கோ ரெண்டு கீதே, நான் செத்து கெடந்தாகூட போன நோண்டிகினு அப்பால வந்து பாக்குங்கோ." அவர் கண் கலங்கிவிட்டது. நான் சிரித்துவைத்தேன். யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் காதர் பாய், "போட்டோ பாத்தேன் தங்கச்சி. வாய் அவ்ளோ தெறந்து கீது, ஒரு இருவது அடிப் பெட்டியே உள்ள வெக்கலாம்" என்றார். ஆபீஸில் எனக்குப் பிரிவு உபசாரம் பண்ணப் போகிறார்களாம். குக்கர் வேண்டுமா, சுவர்க்கடிகாரம் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெண் என் பின்னாலேயே அலைகிறாள். உங்கப்பா ஷிப்டு முடிந்து வந்து நீ எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப நான் இன்னா, மணலி கம்பெனில ஏசி ரூம்லயா குந்திகினு கீறேன்? எனுக்கு இன்னா நோக்கம் வெச்சிகிறானாம்?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அவர் கோபமாகக் கேட்டாரா, விளையாட்டாகக் கேட்டாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

மேனேஜர் கூப்பிட்டு, "உங்க பையன் பேசுனாரும்மா. ரொம்ப உருக்கமா பேசுனாரு, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. எப்ப நிக்கறீங்க?" என்று கேட்டார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். என் வாயில் வந்தது "சரி சார்." உன்மேல் எனக்கு எவ்வளவு எரிச்சலோ, அதைவிட என்மேல் அதிகம். நாற்பது வயதுகூட ஆகாத ஒருத்தி, தன்னை வீட்டுக்கு அனுப்பும்போது "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தால் அவளை என்ன செய்வது?

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியுமா, நைனா? தெரியாது. அது உன் தப்பில்லை, நான் சொன்னதில்லை. சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பெட்டிகள் எங்கள் யார்டுக்கு வரும். ஒவ்வொன்றையும் பார்த்து, இது மறுபடி சரக்கு ஏற்றத் தகுதியானதா என்று சொல்வது என் வேலை. முதலில் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுவேன். உள்ளே என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பிறகு தரைப்பலகை, ஆணி, கதவு ரப்பர், நெளிசல், நாற்றம் எல்லாம் பார்ப்பேன். கடைசியில் வெளிச்சம் பார்ப்பது. நான் உள்ளே போய் நடுவில் நிற்பேன். காதர் பாயோ வேறு யாரோ வெளியிலிருந்து இரண்டு கதவையும் சாத்திப் பிடித்துக்கொள்வார்கள். கும்மிருட்டு. கண் பழகுவதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகு எங்கேயாவது ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் ஊசி முனை மாதிரித் தெரியும். சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினால் திறப்பார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் நடுக்கடலில் மழைத் தண்ணியும் உப்புத் தண்ணியும் உள்ளே போகும். அதை வெல்டிங்குக்கு அனுப்பிவிட்டு அடுத்த பெட்டி.

சித்திரை வெயிலில் உள்ளே நிற்பது தோசைக்கல்லில் நிற்பது மாதிரிதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நீ என்னை எந்த இருட்டிலிருந்து காப்பாற்றப் போகிறேன் என்று ஊருக்கே சொன்னாயோ, அந்த இருட்டு எனக்குப் பிடிக்கும். இதைச் சொல்லத்தான் இத்தனை பாடு. கதவைச் சாத்தியதும் லாரிச் சத்தம், காற்றடிக்கும் புளோவர் சத்தம், டிரைவர்கள் கத்துவது எல்லாம் எங்கேயோ தள்ளிப் போய்விடும். அந்த இரண்டு நிமிஷம் என்னை யாரும் கூப்பிட முடியாது. நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தால் மட்டும் போதும். எனக்குப் பேசத் தெரியாது, பார்க்கத் தெரியும். இந்த உலகத்தில் பார்க்கத் தெரிந்ததற்காகவே ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று எனக்கு இருபத்தைந்து வயதில்தான் தெரிந்தது. நீ அதை விடச் சொல்கிறாய்.

உட்கார வைப்பது என்பது நம் குடும்பத்து ஆம்பளைகளின் வியாதி என்று நினைக்கிறேன். என் அப்பா, அதாவது உன் தாத்தா, துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். கையெழுத்து போட வராது. அவருக்கு வாழ்க்கையில் ஒரே நோக்கம், என்னை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைப்பது. பதினெட்டு வயதில் எனக்குக் கல்யாணம் பண்ணிவைத்தபோதுகூட, "எம்பொண்ணு டிகிரி முடிக்கணும்" என்று உங்கப்பாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நீ வயிற்றில் இருக்கும்போது நான் மாலைக் கல்லூரிக்குப் போனேன். பி.காம். கடைசிப் பரீட்சைகளை உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எழுதினேன். எங்கள் பரம்பரையிலேயே நான்தான் முதல் பட்டதாரி. யார்டு ஆபீஸில் கம்ப்யூட்டரில் பெட்டி எண்களைப் பதிவு செய்யும் வேலை கிடைத்தபோது அவர் ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஆபீஸுக்குள் எட்டிப் பார்த்து, என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். ஆறு மாதத்தில், பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கிற சர்வே வேலைக்கு ஆள் இல்லை, வருகிறாயா என்று கேட்டார்கள். நான் எழுந்து வெயிலுக்குப் போனேன். அவர் என்னோடு நாலு மாதம் பேசவில்லை. "படிக்க வெச்சதே நிக்காம குந்தறதுக்குத்தான். நீ திரும்ப போய் யார்டுல நிக்கிறியே" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். இப்போது அவர் இல்லை. அவர் விட்ட இடத்திலிருந்து நீ பிடித்துக்கொண்டாய்.

இந்த நோக்கம் என்கிற வார்த்தை நம் வீட்டுக்குள் வந்து ஒரு வருஷம் இருக்கும். டிப்ளமோ முடித்துவிட்டு ஏசி சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தாய். நாலாவது மாதம் விட்டுவிட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "அதுல எனக்கு ஒரு இது இல்லமா" என்றாய். அடுத்து ஒரு டூவீலர் ஷோரூம். அதிலும் ஒரு இது இல்லை. பிறகு நாலைந்து மாதம் சும்மாவே இருந்தாய். யாரோ எங்கேயோ எவ்வளவோ கஷ்டப்பட்டு வாழ்க்கையின் அர்த்தத்தைக் கண்டுபிடித்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். அவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள். காலையில் நாஸ்டாவுக்கு இட்லி ஆறிக் கல்லாகிக்கொண்டிருக்கும். "நைனா, இட்லி" என்றால், "யோசிச்சிகினு கீறேன்மா" என்பாய். யோசிப்பதற்கும் இட்லி ஆறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் தெரியாது. பவி ஒரு நாள், "யம்மா, அண்ணனோட நோக்கம் கட்டிலுக்கு அடியில பூந்துகிச்சான்னு பாரு" என்றாள். நீ அவளை அடிக்க ஓடினாய். அந்த மாதத்தில் நீ எழுந்து ஓடியது அன்று மட்டும்தான்.

அப்புறம் ராயபுரத்தில் கல்யாண மண்டபத்தில், வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று நடத்திய அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அங்கே என்ன நடந்தது என்று நீ பவியிடம் சொல்ல, அவள் என்னிடம் சொன்னாள். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, "உங்களுக்காக அழுத முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முகம்தான் உங்கள் நோக்கம்" என்றாராம் வகுப்பு எடுத்த ஆள். நீ சிவந்த கண்ணோடு வீட்டுக்கு வந்தாய். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். சட்டென்று என் காலில் விழுந்தாய். கையெல்லாம் செதிலோடு நான் எப்படி ஆசீர்வாதம் பண்ணுவது? யாராவது செத்துவிட்டார்களோ என்று பயந்துபோனேன். இல்லை, உனக்கு நோக்கம் கிடைத்துவிட்டது, அது நான். துபாய் வேலை உனக்குப் பிடிக்கவில்லை என்று நீயே உங்கப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். "புடிக்கலன்னா இன்னாப்பா, நோக்கம் கெட்டியா இருந்தா எந்த வேலையும் தாங்கிக்கலாம்" என்றாயாம். ஒரு மனுஷன் இரண்டு வருஷம் தாங்கிக்கொள்வதற்கு என்னைக் காரணமாக வைத்துக்கொண்டால் அந்த இரண்டு வருஷமும் என் தொண்டையில் சோறு எப்படி இறங்கும்? அதை அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லையா?

இனி நான் சொல்லப்போவது என் தப்பு. நீ எழுதியதில் ஒரு வரி என்னை நிஜமாகவே உலுக்கிவிட்டது. "எனக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு நாள் சாயந்தரம் அம்மா அழுதாள். அன்றே எனக்குள் முடிவாகிவிட்டது" என்று எழுதியிருந்தாய். அந்த சாயந்தரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது.

அதற்குச் சில மாதம் முன்பு, ஒரு மழை நாள். உன் பள்ளிக்கூடத்தில் வேடப் போட்டி. நீ கப்பல் கேப்டன் வேஷம். நாலு மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டும். கடைசிப் பெட்டிக்குள் போய் நின்றேன். கதவைச் சாத்தினார்கள். கண் பழகுவதற்கு முன்னாலேயே, எல்லாம் இருட்டுதான் என்று கதவைத் தட்டிவிட்டேன். வானமும் மூடியிருந்தது, வெளிச்சமே கம்மி. அந்த மாதிரி நாளில்தான் இன்னும் கூட நேரம் நிற்க வேண்டும். சரி என்று எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பெட்டியில் விரலி மஞ்சள் மூட்டை ஏற்றினார்கள். போய்ச் சேர்ந்தபோது ஒரு பக்கம் முழுக்க நனைந்து பூசணம் பிடித்திருந்ததாம். யார் பார்த்த பெட்டி என்று தேடி வந்தார்கள். மேனேஜர் ஒன்றும் கத்தவில்லை. என் கையெழுத்தை மட்டும் காட்டினார். அந்தப் பெட்டி எங்கேயெல்லாமோ சுற்றிவிட்டு எங்கள் யார்டுக்கே திரும்பி வந்தது. வேறு யாரும் பார்க்க வேண்டாம் என்று சொல்லி நானே உள்ளே போனேன். கதவைச் சாத்தச் சொல்லி நின்றேன். கூரையின் வலது மூலையில் கடுகு அளவு வெளிச்சம். எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. காதர் பாய் வெளியிலிருந்து, "இன்னா தங்கச்சி, கீறியா?" என்று தட்டிக் கேட்டார். அதுவரைக்கும் அது எனக்குச் சம்பளம் வருகிற ஒரு வேலை. அன்றைக்குத்தான் அது என்னுடையதாயிற்று. இனிமேல் நான் பார்த்த பெட்டியில் தண்ணி போகக் கூடாது என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. யாரும் கண்ணை மூடச் சொல்லவில்லை, யார் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு ஓட்டையைத்தான் பார்த்தேன்.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. நீ வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். "ஏம்மா அயுவற?" என்று கேட்டாய். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா ஒரு வேலையைச் சரியாகச் செய்யவில்லை, அது வெட்கமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். நீகூடத்தான் கணக்கில் தப்பு போட்டுவிட்டு அழுவாய். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "எல்லாம் உனக்காகத்தான்டா படறேன். இந்த அசிங்கமெல்லாம் உனக்காகத்தான்." நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டாய். அந்தப் பென்சில் உருண்டு போன சத்தம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்னைப் பார்க்க ஓடியதால்தான் அந்தத் தப்பு நடந்தது என்று எங்கேயோ உன்மேல் ஒரு கோபமும் இருந்திருக்க வேண்டும். அதைத்தான் அப்படிச் சொன்னேனோ என்னவோ. நீ அதை வாங்கிப் பதின்மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருந்து, இப்போது அதற்கு ஒரு பெயர் வைத்து, என் படத்தோடு ஊருக்குக் காட்டிவிட்டாய்.

அந்த ஒரு நாள் மட்டும் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தினமும் சொன்னேன். ஏன் தெரியுமா? நம் தெருவில் வேலைக்குப் போகிற பொம்பளைகள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். காலையில் ஷேர் ஆட்டோவில் ஏழு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மீன் கம்பெனிக்குப் போகிறவள், ஆஸ்பத்திரியில் கூட்டுகிறவள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவள். எவளாவது ஒருத்தி பெருமூச்சு விட்டு, "இன்னா பண்றது, புள்ளங்களுக்கோசரம்" என்பாள். மற்ற ஆறு பேரும் தலையாட்டுவோம். அது ஒரு டிக்கெட் மாதிரி. அதைச் சொன்னால்தான் மாமியாரும் புருஷனும் தெருவும் நம்மை வெளியே விடும். ஒரு நாள் அந்தத் தையல்காரப் பெண் மட்டும், "எனுக்கு அந்த மிஷின்ல குந்தினா வூட்டு ஞாபகமே வர்றதில்லக்கா. சோக்கா கீது" என்று சொல்லிவிட்டாள். இறங்கும்போது ஒருத்தி, "பாத்தியா, புள்ளய கடாசிட்டு வந்து சோக்கா கீதாம்" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிடிக்கவில்லை. அடுத்த நாளும் நான் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினேன். பிள்ளைகளுக்காக என்பது பொய் என்று சொல்லவில்லை. உன் ஃபீஸும் பவியின் மூக்குக்கண்ணாடியும் அந்தச் சம்பளத்தில்தான் வந்தன. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி எனக்குப் பிடித்ததால் போனேன். அந்தப் பாதியைச் சொல்ல எனக்குக் கூச்சம். நான் கூச்சப்பட்டதற்கு நீ துபாய் போக வேண்டுமா?

நோக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அது முன்னாலேயே எங்கேயோ தயாராக இருந்து, நாம் போய்க் கண்டுபிடிப்பது மாதிரி எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அப்படி நடக்கவில்லை. பி.காம். படித்தபோது கன்டெய்னர் என்றால் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற லாரி என்றுதான் தெரியும். இன்னொன்றும் சொல்வேன். ஒரு மனுஷியை நோக்கமாக வைத்துக்கொள்ளாதே. அவள் எழுந்து நடந்து போய்விடுவாள். நீ அவளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கும். நீ இப்போது எனக்குச் செய்வது அதுதான். நானும் உன்னை அப்படித்தான் வைத்திருந்தேன். நீ ஏசி கம்பெனியை விட்டபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது ஏன்? இவ்வளவு பாடுபட்டவளுக்கு நீ ஒரு பதிலாக வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஒரு பிள்ளை எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

நான் பார்க்கிறவள் என்று சொன்னேன் இல்லையா, உன்னையும்தான் பார்த்திருக்கிறேன். போன வருஷ மழையில் சடையங்குப்பத்தில் வெள்ளம் புகுந்தபோது சாப்பாட்டுப் பொட்டலம் எடுத்துக்கொண்டு போனாய். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் மற்றவர்கள் வீட்டு மிக்ஸி. அடுத்த நாள் இன்னும் நாலு. பால்கனி முழுக்கப் பிரித்துப் பரப்பிவைத்து, சேற்றைக் கழுவி, மோட்டாரைக் காயவைத்து, எந்த மூடி எந்த வீட்டுடையது என்று நூல் கட்டி வைத்திருந்தாய். கலீஜ் நாற்றம் என்று பவி கத்தினாள். இரண்டு வாரம் உன் கையில் போனே இல்லை. நான் கூப்பிடாமலே வந்து சாப்பிட்டாய். அதைச் சொன்னால், "அத்த சொம்மா செஞ்சேன்மா" என்கிறாய். அதுதான் உன் நோக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அதுவும் நான் கொடுத்ததாகிவிடும். பார்த்தேன், அவ்வளவுதான். துபாய்க்குப் போவதா வேண்டாமா என்பதும் உன் முடிவு. போனால் நீ சம்பாதிக்கப் போ, ஊரைப் பார்க்கப் போ, எங்களைவிட்டுக் கொஞ்ச நாள் தள்ளியிருக்கப் போ. எல்லாம் நல்ல காரணம்தான். நான் மட்டும் காரணமாக இருக்க மாட்டேன்.

நேற்று மேனேஜரிடம், நான் வேலையிலிருந்து நிற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னேன் என்றால், எழுதி மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் படித்துவிட்டு, "குக்கர் வாங்கிட்டாங்களேமா" என்றார். பிறகு வேறொன்று கேட்டார். அதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். எங்கள் கம்பெனி வருஷத்துக்கு ஒருத்தரை மும்பைக்கு அனுப்பும். மூன்று வாரம் பயிற்சி, முடிவில் ஒரு பரீட்சை. தேறினால் எந்தத் துறைமுகத்திலும் செல்லுகிற சர்வேயர் சான்றிதழ். எங்கள் யார்டில் இதுவரைக்கும் ஒரு பெண்ணும் போனதில்லை. இரண்டு வருஷமாக என்னைக் கேட்டார்கள். இரண்டு முறையும் வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்த முறை சரி என்று சொல்லலாம் என்று நான் துணிந்து போன காலையில்தான் நீ அவருக்கு போன் செய்திருந்தாய். என் பெயரை எடுத்துவிட்டார்கள். நேற்று அவர், "இன்னும் யாரையும் போடலம்மா. திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார்.

பயிற்சி அடுத்த மாதம் முதல் வாரத்தில் தொடங்குகிறது. நீ துபாயில் சேர வேண்டியதும் அதே வாரம். ஒரு மாதம் தள்ளித் தரச் சொல்லி நீ அவர்களைக் கேட்க வேண்டியிருக்கும். தராமலும் போகலாம், அந்த வேலை கைவிட்டுப் போகலாம். அது தெரிந்துதான் கேட்கிறேன். எனக்காக எதையாவது செய்தே தீருவேன் என்று நீ நின்றால், நான் கேட்பது இது ஒன்றுதான். காலை ஷிப்டு என்றால் உங்கப்பாவுக்கு ஐந்து மணிக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். பவியை எழுப்புவது பெரும் பேஜாரு, மூன்று முறை கூப்பிட வேண்டும். சோறு வடிக்க உனக்குத் தெரியாது, போவதற்குள் சொல்லித்தருகிறேன். இந்த வீட்டை மூன்று வாரம் நீ பார்த்துக்கொள், நைனா. நான் போய் அந்தப் பரீட்சையை எழுதிவிட்டு வருகிறேன்.

அம்மா